கூடம் வழியாக

சாப்பாட்டு மணி அடித்து, கீழ்த்தளத்தில் தையல் மிஷின்கள் வரிசை வரிசையாக ஓய்ந்துகொண்டிருந்த நேரத்தில் பாரதிக்குத் திருப்பத்தூரிலிருந்து ஃபோன் வந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியைக் கவிழ்த்து, அதன் மேல் ஊறுகாயை ஒதுக்கி வைத்திருந்தாள். இடது கையால் ஃபோனைத் துழாவி எடுத்துக் காதில் வைத்தாள்.

"பாரதி மேடம், நல்லா இருக்கீங்களா?"

சூரியபிரகாஷின் குரல். இத்தனை வருடப் பழக்கத்தில் அவன் அவளை மேடம் என்று கூப்பிட்டதே இல்லை.

"இன்னா சூரி, புதுசா மேடம்?"

"தூக்கிட்டீங்கல்ல. அப்புறம் மேடம்னுதானே கூப்பிடணும்."

"யார யாரு தூக்கினது?"

"என்னை. கூடத்துல இருந்து. உங்க பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசறவனுக்கு அங்க இடம் இல்லைன்னா நேரா சொல்லியிருக்கலாம். மெஷின விட்டு இங்கிலீஷ்ல மெயில் அனுப்பணுமா? உங்கள் உறுப்பினர் பதிவு முடக்கப்பட்டதுன்னு."

"நான் யாரையும் தூக்கல."

"வேற யாரு தூக்குவாங்க? சாவி உங்ககிட்டதானே இருக்குது" என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

பக்கத்து நாற்காலியில் அன்வரி பேகம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டெஸ்பாட்ச் காகிதங்களைப் பார்ப்பவள். இருவரும் ஒரே வருடம் இந்த ஷூ கம்பெனியில் சேர்ந்தவர்கள். "அரே, சோறு ஆறிப்போவுது. யாரு அது, சண்டைக்காரன் மாதிரி?" என்றாள்.

"தோஸ்த்துதான்" என்றாள் பாரதி. டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு லேப்டாப்பை இழுத்தாள்.

கூடம் என்பது ஒரு மெயில் குழு. ஒரே ஒரு முகவரி. அதற்கு ஒருவர் மெயில் போட்டால் குழுவில் உள்ள எல்லோருக்கும் போய்ச் சேரும். யார் பதில் போட்டாலும் அதுவும் எல்லோருக்கும் போகும். பார்வையில்லாதவர்கள் தமிழில் பேசிக்கொள்வதற்கென்று வேலூரில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அப்துல் வஹீத் தொடங்கியது. பாரதியைப் போலவே அவருக்கும் பார்வை கிடையாது. பேங்க் க்ளார்க்குகள், பள்ளிக்கூட வாத்தியார்கள், டெலிஃபோன் ஆபரேட்டர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பல ஊர்க்காரர்கள் அதில் இருந்தார்கள். எந்த ஃபோனில் எந்த பட்டன் பேசும், எந்த ரயில்வே ஸ்டேஷனில் படிக்கட்டு எந்தப் பக்கம், எந்தப் பரீட்சைக்கு யாரிடம் ஒலிப்பாடம் இருக்கிறது, பெண் பார்க்க வந்தவர்கள் என்ன கேட்டார்கள், அதற்கு என்ன சொல்லி அனுப்பினோம் என்று எல்லாமே அங்கே ஓடும். வஹீத் சார் மகனோடு இருக்க வெளிநாடு போனபோது சர்வரின் பாஸ்வேர்டைப் பாரதியிடம் கொடுத்துவிட்டுப் போனார். கம்பெனியில் அவள் பார்ப்பதும் இதே வேலைதான். ஐடி செக்ஷனில் மெயில் சர்வர் அவள் பொறுப்பு. அதனால் கூடத்தைப் பார்த்துக்கொள்வது அவளுக்குப் பெரிய சுமையாக இல்லை. எந்த நேரமும் எடுத்துச் செய்யக்கூடிய கைவேலை மாதிரி இருந்தது.

போன மாதம் சூரியபிரகாஷ் அங்கே ஒரு மெயில் போட்டிருந்தான். திருப்பத்தூரில் ஒரு பேங்க்கில் வேலை பார்ப்பவன், நன்றாக எழுதுவான். காலம் மாறிவிட்டது, இந்தப் பழைய கூடத்தை இழுத்து மூடிவிட்டு எல்லோரும் வாட்ஸ்அப்புக்குப் போய்விடலாம் என்று எழுதியிருந்தான். பாரதி நீளமாக, கொஞ்சம் காரமாகவே பதில் எழுதினாள். வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் எல்லாம் படமாக வரும். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அதில் யார் எதற்குப் பதில் சொன்னார்கள் என்று பிடிப்பதற்குள் நூறு பேர் நூறு பேச்சு பேசிவிடுவார்கள். மெயிலில் தலைப்பைக் கேட்டு வேண்டியதைத் திறக்கலாம், வேண்டாததைத் தாண்டலாம், போன வருடப் பேச்சைத் தேடி எடுக்கலாம். இவ்வளவும் எழுதிவிட்டு, 'வீட்டை இடிக்கச் சொல்பவர் அதன் கூரையில் ஒரு ஓட்டையையாவது அடைத்துப் பார்த்திருக்க வேண்டும்' என்று முடித்திருந்தாள். அந்த வரி அவளுக்கு இப்போதும் பிடித்துத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு கூடம் அமைதியாகிவிட்டது. சூரி கோபித்துக்கொண்டிருக்கிறான், மற்றவர்கள் கல்யாணம், காலேஜ் என்று அலைகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

உறுப்பினர் பட்டியலைத் திறந்து சூரியின் பெயரில் நின்றாள். பெயர் அப்படியே இருந்தது. ஆனால் அவனுக்கு மெயில் அனுப்புவது நிறுத்தப்பட்டிருந்தது. பக்கத்தில் ஓர் எழுத்து. நிர்வாகி நிறுத்தினால் 'ஏ' என்று வரும். இது 'பி'. அப்படியென்றால் மென்பொருளே நிறுத்தியது. ஒருவருக்கு அனுப்பிய மெயில் திரும்பி வந்தால் மென்பொருள் அவர் கணக்கில் அன்றைக்கு ஒரு புள்ளி ஏற்றும். புள்ளிகள் சேர்ந்துவிட்டால், இந்த முகவரியில் ஆள் இல்லை போலிருக்கிறது என்று தானே முடிவு செய்துகொண்டு அனுப்புவதை நிறுத்திவிடும்.

சூரியின் முகவரி உயிரோடுதான் இருந்தது. பாரதி கீழ் அம்பை அழுத்திக்கொண்டே போனாள். ஹெட்செட்டில் பெயர்கள் வந்தன. ஒரு பெயர், பி. இன்னொரு பெயர், பி. அடுத்ததும் பி. அடுத்ததும். கொஞ்ச தூரம் போனதும் அவளுடைய பெயரே வந்தது.

பாரதி. பி.

அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

"இன்னா சிரிப்பு?" என்றாள் அன்வரி.

"என்னையே வெளிய தள்ளிடுச்சு அன்வரி. சாவி என் கைல. ஆளு வாசல்ல."

மெயில் பெட்டியின் குப்பைப் பகுதியைத் திறந்து பார்த்தாள். சூரி சொன்ன அதே இங்கிலீஷ் அறிவிப்பு அவளுக்கும் வந்து, படிக்கப்படாமல் கிடந்தது. நிர்வாகிக்குப் போக வேண்டிய எச்சரிக்கைகளெல்லாம் வஹீத் சாரின் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. பட்டியலில் 'பி' போடாமல் மிச்சம் இருந்தவர்கள் சொற்பம். அவர்களிலும் பாதிப் பேர் விட்டுப்போன வேலைகளின் முகவரிகளில் இருந்தார்கள். கூடம் அமைதியாக இல்லை, காலியாக இருந்தது.

சாயந்திரம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்களின் சத்தம் ஒவ்வொன்றாக பைபாஸ் பக்கம் போனது. பாரதி போகவில்லை. "நீ இருந்தா நானும் இருக்கேன், வீட்ல போய் சப்பாத்திதானே சுடணும்" என்று அன்வரியும் உட்கார்ந்துகொண்டாள். கீழே பசை அடிக்கும் இடத்திலிருந்து சொல்யூஷன் வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது. ஏசி நின்றதும் அது ஜாஸ்தியாகத் தெரியும்.

இந்த மாதிரி வேலையில் பாரதிக்குப் பதற்றம் வராது. மிஷின் பொய் சொல்லாது என்பது அவள் நம்பிக்கை. அது சொல்வதைக் கேட்கிற பொறுமை வேண்டும், அவ்வளவுதான். முதலில் சர்வரில் இடம் தீர்ந்துவிட்டதா என்று பார்த்தாள். நிறைய இருந்தது. குப்பை மெயில் அனுப்புகிறவர்களின் கறுப்புப் பட்டியலில் தங்கள் சர்வர் விழுந்துவிட்டதா என்று பார்த்தாள். விழவில்லை. பிறகு, போன மெயிலும் திரும்பிய மெயிலும் வரிவரியாகப் பதிவாகும் லாகைத் திறந்து, திரும்பியவற்றை மட்டும் பிரித்தாள். எல்லாத் திருப்பலிலும் ஒரே காரணம் இருந்தது. 'அனுப்புநரின் நிறுவனம் இதை அனுமதிக்கவில்லை. போலி என்று கருதி மறுக்கப்பட்டது.' சூரிக்குப் போனதற்கும் அதுதான், அவளுக்குப் போனதற்கும் அதுதான். திரும்பியவை எல்லாமே ஒரே ஒரு ஆள் போட்ட மெயில்கள். ஒரு கல்லூரியின் முகவரியிலிருந்து எழுதும் புது உறுப்பினர். பெயர் முத்துமாரி.

அந்தப் பெயரைப் பாரதி கேள்விப்பட்டதே இல்லை. புது ஆள் சேர்ந்த அறிவிப்பும் வஹீத் சாரின் முகவரிக்கே போயிருக்கும்.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்றாள் அன்வரி.

"கண்டுபிடிச்சிட்டேன். உங்க டெஸ்பாட்ச் கதைதான். வேற கம்பெனி பேர் போட்ட சலானோட நம்ம வண்டி சரக்கு ஏத்திட்டுப் போனா, எதிர்ல இருக்கிற செக்யூரிட்டி உள்ள விடுவானா?"

"அவன் ஏன் விடுறான்? திருட்டுச் சரக்குன்னு திருப்பி அனுப்புவான்."

"அதேதான். இந்தப் பொண்ணு மெயில் போடுது. நம்ம கூடம் அத வாங்கி, அந்தப் பொண்ணு பேரை மேல போட்டு எல்லாருக்கும் அனுப்புது. அந்தப் பொண்ணோட காலேஜ், எங்க பேர்ல வேற யார் அனுப்பினாலும் வாங்காதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்குது. அதனால ஒவ்வொரு கேட்லயும் திருப்பிட்டாங்க. நம்ம சாஃப்ட்வேர் இன்னா நினைச்சிச்சு? கேட்டுக்குள்ள ஆளே இல்லன்னு நினைச்சிச்சு."

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லையா?"

"யார் மேலயும் இல்ல. அது பேசப்பேச நாங்க ஒவ்வொருத்தரா வெளிய போயிட்டிருக்கோம். அதுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் பாரதிக்கே உறைத்தது. திரும்பிய மெயில்களின் நகல் கூடத்தின் காப்பகத்தில் இருக்கும். முதலாவதைத் திறந்தாள்.

'எல்லோருக்கும் வணக்கம். நான் முத்துமாரி. ஊர் நாட்றம்பள்ளி பக்கம். பி.ஏ. முடித்துவிட்டு எம்.ஏ. சேர்ந்திருக்கிறேன். அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். வஹீத் சாரிடம் படித்த ஒரு அக்கா இந்தக் கூடத்தைப் பற்றிச் சொன்னார். உள்ளே வந்துவிட்டேன். எங்கே உட்காரலாம் என்று சொல்லுங்கள்.'

இரண்டாவது ஒரு பஸ் கண்டக்டரைப் பற்றியது. வாணியம்பாடி வந்ததும் அவர் முத்துமாரியின் காதருகே குனிந்து, காது கேளாதவரிடம் சொல்வதுபோல 'வா-ணி-யம்-பா-டி' என்று கத்துவாராம். 'எனக்குக் கண்தான் தெரியாது, ஸ்டாப் தெரியும் அண்ணா என்று சொன்னேன். அதற்கும் கத்தித்தான் பதில் சொன்னார். உங்கள் ஊர் கண்டக்டர்கள் எப்படி?' என்று கேட்டிருந்தாள். பாரதிக்குச் சிரிப்பு வந்தது. அவளிடமே ஒரு மூட்டைக் கண்டக்டர் கதைகள் இருந்தன.

அடுத்ததில் ஒரு பரீட்சையின் கணக்குப் பகுதிக்கு ஒலிப்பாடம் கேட்டிருந்தாள். அதற்கடுத்ததில் அந்தப் பரீட்சையைப் பற்றி எழுதியிருந்தாள். அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வு, வேலூரில். இவள் சொல்லச் சொல்ல எழுதித் தர ஸ்க்ரைப் வேண்டும். அதற்கு ஒத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பரீட்சை நடக்கும் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஷிப்மென்ட் வேலை. இவளைவிடக் குறைவாகப் படித்த ஒருவராகப் பார்க்க வேண்டும், பெயரைச் சனிக்கிழமைக்குள் சென்டரில் சொல்ல வேண்டும். 'யாராவது உதவ முடியுமா?'

பிறகு ஒரே வரி. 'யாராவது இருக்கிறீர்களா?'

அதற்கப்புறம் கடைசி மெயில். 'தெரியாமல் ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். இனித் தொந்தரவு செய்ய மாட்டேன்.'

ஸ்க்ரீன் ரீடர் எல்லா மெயிலையும் ஒரே குரலில்தான் படிக்கும். மன்னிப்பையும் கண்டக்டரையும் அதே ஏற்ற இறக்கத்தோடு படித்து முடித்தது. பாரதி ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் பரீட்சை.

மெயிலின் அடியில் ஒரு ஃபோன் நம்பர் இருந்தது. அடித்தாள். எடுத்தது ஓர் ஆண் குரல். பெருமாள், முத்துமாரியின் அப்பா.

"பரீட்சையா? அது போவலையாம்மா. எழுதறதுக்கு ஆள் கிடைக்கலன்னுச்சு. ரெண்டு நாளா சரியா பேசறதில்ல. இருங்க, குடுக்கறேன்."

வந்த குரல் பாரதி நினைத்ததைவிடத் தடிமனாக, நிதானமாக இருந்தது. பாரதி தான் யார் என்று சொன்னாள். என்ன நடந்தது என்று சலான் கதையையும் சேர்த்துச் சொன்னாள்.

"எல்லாருக்குமா வராம போச்சு, அக்கா? ஒருத்தருக்குக் கூடவா?"

"எனக்கே வரல. நான்தான் அத நடத்தறேன்."

"சரிக்கா."

"நம்பலையா?"

"அப்படி நடந்திருந்தா நல்லா இருக்கும்" என்றாள் முத்துமாரி. "எனக்காக சொல்றீங்களோன்னு இருக்குது."

"சரி பண்ணிட்டு எல்லாத்தையும் திரும்ப அனுப்பறேன். பாரு அப்புறம்."

"வேணாம்க்கா. திரும்ப அனுப்பி, அப்பவும் யாரும் பேசலன்னா?"

மிஷினைப் பற்றிக் கேட்டிருந்தால் பாரதி உடனே பதில் சொல்லியிருப்பாள். "சனிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குது. ஹால் டிக்கெட்ட பத்திரமா வெய். நாளைக்கு நான் சொல்றப்ப ஒரு சோதனை மெயில் போடு, அது போதும்" என்றாள்.

அடுத்த ஃபோன் சூரிக்கு. பேங்க் முடிந்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான்.

"சூரி, உங்க பேருக்குப் பக்கத்துல பி போட்டிருக்குது. என் பேருக்குப் பக்கத்துலயும் பி."

அவனுக்கு அந்த எழுத்தின் அர்த்தம் தெரியும். "நெஜமாவா? உங்களையுமா?" என்றான். பிறகு, "ஆனா அந்த ஓட்டை வரிய எழுதினது மெஷின் இல்லையே."

"அது நான்தான். அத வாபஸ் வாங்க மாட்டேன்."

"வாங்காதீங்க. நல்ல வரிதான்" என்று அவன் சிரித்துவிட்டான். "இப்ப நான் இன்னா பண்ணணும்?"

"ஓட்டை அடைக்கணும். சோதனை மெயில் உங்களுக்கு வருதா வரலையான்னு சொல்லணும்."

வியாழக்கிழமை முதல் முயற்சி தோற்றது. கூடம் ஒவ்வொரு மெயிலுக்கும் தலைப்பில் தன் பெயரையும் அடியில் இரண்டு வரியையும் சேர்க்கும். அப்படி எதையும் சேர்க்காமல் வந்தபடியே அனுப்பினால், கல்லூரி சர்வர் மெயிலுக்குள் வைக்கும் மறைவான கையெழுத்து கலையாது, எதிரில் இருப்பவர்கள் நம்பி வாங்கிக்கொள்வார்கள் என்று பாரதி கணக்குப் போட்டிருந்தாள். சேர்ப்பதை நிறுத்தினாள். முத்துமாரி 'சோதனை' என்று ஒரு மெயில் போட்டாள். சூரிக்கு வரவில்லை. திரும்பி வந்ததைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கல்லூரி கையெழுத்துப் போடுவதே இல்லை. எங்களைத் தவிர வேறு யாரையும் நம்பாதே என்று ஊருக்குச் சொன்னவர்கள், தங்கள் மெயில் எது என்று காட்ட ஓர் அடையாளம் வைக்கவில்லை.

"பேஜார் புடிச்ச காலேஜ்" என்றாள் அன்வரி.

"இருக்கட்டும். அப்ப நம்ம பேர்லயே சலான் போட்டுர்றது" என்றாள் பாரதி. அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒரு வழி மூடியதால் மற்ற வழி எது என்பது சுத்தமாகத் தெரிந்துவிட்டது. அந்த மென்பொருளில் அதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. இப்படிக் கண்டிப்பு காட்டும் இடங்களிலிருந்து மெயில் வந்தால், அனுப்புநர் முகவரியில் குழுவின் முகவரியை வைத்து, எழுதியவரின் பெயரை மட்டும் கூடவே சொல்லும். வஹீத் சார் காலத்தில் அதற்குத் தேவை இருக்கவில்லை, அணைத்தே கிடந்தது. ஆனால் கூடத்தில் இருந்த பதிப்பு பழசு. அதில் அந்த அமைப்பு அரைகுறையாகத்தான் வேலை செய்யும். முழு மென்பொருளையும் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுப் புதுப்பித்தாள். வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனி வேலைக்கு நடுவே அது ஏறி முடிந்தது. ஏறியதும், எழுதியவர் பெயருக்கும் கூடத்தின் பெயருக்கும் நடுவில் அது இங்கிலீஷில் ஒட்டும் 'வயா'வைத் தமிழாக மாற்றினாள். இதை யாரும் கேட்கவில்லை. அவளுக்கு அப்படி இருந்தால் பிடிக்கும். எச்சரிக்கைகள் போகிற முகவரியையும் தன்னுடையதாக மாற்றிக்கொண்டாள்.

சாப்பாட்டு இடைவேளையில் முத்துமாரி இரண்டாவது சோதனை மெயிலைப் போட்டாள். பாரதி காத்திருந்தாள். ஃபோன் அடித்தது.

"வந்திச்சு" என்றான் சூரி. பேங்க்கில் டோக்கன் கூப்பிடும் சத்தம் பின்னால் கேட்டது. "அனுப்புநர், 'முத்துமாரி, கூடம் வழியாக'ன்னு படிக்குது. நல்லா இருக்குது பாரதி."

அவன் மேடத்தை விட்டுவிட்டதைப் பாரதி கவனித்தாள். பட்டியலில் இருந்த 'பி' அத்தனையையும் ஒரே கட்டளையில் துடைத்தாள். பிறகு நாட்றம்பள்ளிக்கு ஃபோன் போட்டாள்.

"பழைய மெயில் எல்லாத்தையும் திரும்ப அனுப்பட்டுமா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு முத்துமாரி, "கடைசி மெயில் வேணாம்க்கா" என்றாள்.

அதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை வரிசையாக அனுப்பினாள். முன்னால் தன் பங்குக்கு ஒரு குறிப்பு எழுதினாள். 'நண்பர்களே, கூடம் அமைதியாக இருக்கிறது என்று நானும் நினைத்தேன். நம் எல்லோரையும் சர்வர் வெளியே நிறுத்தியிருந்தது. அது சரியாகிவிட்டது. அந்தச் சமயத்தில் உள்ளே ஒருவர் மட்டும் நம்மிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசியதைக் கேளுங்கள். ஸ்க்ரைப் பெயரை நாளைக்குள் சொல்ல வேண்டும்.'

மிஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. பாரதி கம்பெனி மெயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஒரு பதிலும் வரவில்லை. லாகைத் திறந்து பார்த்தாள். எல்லா மெயிலும் எல்லோரிடமும் போய்ச் சேர்ந்திருந்தன, ஒன்றுகூடத் திரும்பவில்லை. டீ வந்தது. பதில் வரவில்லை. வேலை நாள், ஆபீஸில் இருப்பார்கள் என்று நினைத்தாள். முத்துமாரி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்றும் நினைத்தாள். சர்வர் கெட்டுப்போயிருந்தால் அதற்கு ஒரு லாக் இருக்கிறது. ஒரு மாதத்தில் ஜனங்கள் கூடத்தையே மறந்துபோயிருந்தால் அதை எந்த லாகில் தேடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்வரி இரண்டு தரம் என்ன ஆச்சு என்று கேட்டாள். மூன்றாவது தரம் கேட்கவில்லை.

முதல் பதில் அணைக்கட்டிலிருந்து வந்தது. ஜான்சன் என்ற வாத்தியார். வருடத்துக்கு ஒரு மெயில் போட்டால் அதிகம். பரீட்சையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. 'எங்கள் ஊர் கண்டக்டர் கத்த மாட்டார். என்னை இறக்கிவிட்டு, ரோட்டைக் கடக்க வைத்து, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வந்த ஊருக்கே திரும்பிப் போனேன்.'

பாரதி மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். அதற்குள் அடுத்தது வந்தது, கோயம்புத்தூரிலிருந்து, இன்னொரு கண்டக்டர். அடுத்தது ஒரு ஆட்டோக்காரர். ஒருவர் கணக்கு ஒலிப்பாடங்களை இணைத்திருந்தார். ஒருவர் 'ஜன்னல் பக்கம் உட்காரும்மா, காற்று வரும்' என்று முதல் மெயிலுக்குப் பதில் போட்டிருந்தார். ஒருவர் தன் தம்பி மதுரையில் இருக்கிறான், ராத்திரி பஸ் ஏறினால் காலையில் வேலூர், வரச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தார். இந்தக் கும்பலுக்கு நடுவில் சூரியின் மெயில் இருந்தது. 'என் தங்கை பூங்குழலி ப்ளஸ் டூ முடித்து இந்த வருடம்தான் காலேஜ் சேர்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருப்பாள். கேட்டுவிட்டேன், வருகிறாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று சொல்கிறார்கள். நான் பார்த்ததில்லை.'

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நாட்றம்பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது.

"அக்கா, கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்கக்கா" என்றாள் முத்துமாரி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரிக்க முடியவில்லை. "ஃபோன் ஓயாம பேசிக்கிட்டே இருக்குது. அப்பா, இதுக்கு இன்னா ஆச்சுன்னு பயந்துட்டாரு."

"நான் நிறுத்த மாட்டேன். இப்பதான் ஓட விட்டிருக்கேன்" என்றாள் பாரதி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாரதி ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து வேலூருக்கு வந்தாள். வர வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசலில் கூட்டமும் பைக் சத்தமும் ஒலிபெருக்கியும் ஒன்றாகக் கலந்திருந்தன. முத்துமாரி அவள் கையைப் பிடித்து, "உயரமா இருப்பீங்கன்னு நினைச்சேன்க்கா" என்றாள். பூங்குழலி வந்த வேகத்திலேயே முத்துமாரியின் முழங்கையில் கையைக் கோத்துக்கொண்டு, புள்ளி எங்கே, கமா எங்கே என்று எப்படிச் சொல்வாய், நான் தப்பாக எழுதினால் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டுக்கொண்டே உள்ளே கூட்டிப்போனாள். இருவர் பேச்சும் கேட்டுக்குள் போய், மற்றப் பேச்சுகளோடு கரைந்தது.

பெருமாளும் பாரதியும் எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் சலவைச் சட்டை போட்டிருந்தது அதன் மொடமொடப்புச் சத்தத்தில் தெரிந்தது. சோப்பு வாசனைக்கு அடியில் தோல் ஊறும் சுண்ணாம்பின் நெடி மெலிதாக இருந்தது. டீ சொன்னார். வந்த டம்ளரை அவள் விரலில் படும்படி நகர்த்தி வைத்தார். உள்ளே மணி அடித்தது. கேட்டை இழுத்துச் சாத்தினார்கள்.

"ஏம்மா" என்றார் பெருமாள். "அன்னிக்கு ஃபோன் பேசிக்கிட்டே இருந்திச்சே, இன்னா சொல்லிச்சு அது? முத்து காதுல ஒயர மாட்டிக்கிச்சு. கேட்டா, சும்மாப்பான்னுது."

"வேகமா பேசும். உங்களுக்குப் புரிஞ்சிருக்காது."

பாரதி ஃபோனை எடுத்துக் கூடத்தைத் திறந்தாள். படிக்கும் வேகத்தை விரலால் இழுத்து இழுத்துக் குறைத்தாள். அவளே அவ்வளவு மெதுவாக அதைக் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது. மிஷின் திடீரென்று யோசித்து யோசித்துப் பேசும் ஆளாக மாறிவிட்டது. ஒலியைக் கூட்டி, பெஞ்சில் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னவரின் மெயில் முதலில் வந்தது. அதன் பிறகு மதுரைத் தம்பி. பிறகு அணைக்கட்டு வாத்தியார். பெருமாளுக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது, பிறகு நிற்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து ஒரு பெண், தான் பரீட்சை எழுதிய அன்று கை எப்படி வியர்த்தது என்று எழுதியிருந்தாள். ஓசூரிலிருந்து ஒருவர், முடிவு எப்படி இருந்தாலும் சாயந்திரம் கூடத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போ என்று எழுதியிருந்தார்.

"இவங்கள்லாம் யாரும்மா?"

"பாதிப் பேர எனக்கே தெரியாதுங்க. பேர்தான் தெரியும்."

லாரி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டு போனது. ஃபோனின் குரல் அதில் மூழ்கியது. பெருமாள் குனிந்துவிட்டார், அவர் மூச்சு பாரதியின் மணிக்கட்டில் பட்டது. பெஞ்சின் மேல் அவருடைய டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுக்கும் சத்தம் இதுவரை வரவில்லை.

"அதத் திரும்ப வைம்மா" என்றார். "வண்டி போய்ட்ச்சு, கேக்கல."